அந்தத் தண்ணீரை யாராவது குடித்துப் பார்த்தீர்களா?

நேற்று மதியம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருந்தார். "சார், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, திங்கட்கிழமை அனுப்பணும்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே இரண்டு கும்பிடு. பழைய ஸ்கீ படகு ஒன்றை வாங்க நினைக்கும் ஒருவருக்காக அதன் நிலைமையைப் பார்த்து எழுதிய ரிப்போர்ட். படங்கள் அழகாக இருந்தன. அட்டவணையில் வர்ணம் எல்லாம் தீட்டியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு தெரியவில்லை. மீட்டர் வேலை செய்யவில்லை. உள்ளே கண்ட அரிப்பை வைத்துப் பார்த்தால், சொல்லப்படுவதைவிட மிக அதிகமாக ஓட்டப்பட்டிருக்கலாம். காரணம், ஓட்டுநரின் கவனக்குறைவு."

போனைக் கட்டிலில் எறிந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகப்போகிறது என்றேன். அவள் புரியாமல் திரும்பிப் போய்விட்டாள். தரமணியில் ஏ.சி. போட்ட ஆறாம் மாடியில் உட்கார்ந்து படகு சர்வேயர் என்று புதிதாக அட்டை அடித்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், கோபம்தான். அதில் பாதி உங்கள் மேல். மீதிப் பாதி என் மேல். ஏனென்றால் அந்த வரியை வார்த்தை பிசகாமல் நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

முதலில் மீட்டர் சமாச்சாரம். தண்ணீரில் சறுக்குபவரைக் கயிறு கட்டி இழுத்துப் போகிற இந்தப் படகுகளில், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்ட ஒரு சின்ன மீட்டர் இருக்கும். பழைய படகு விற்பனைக்கு வரும்போது பாதிக்குப் பாதி அது செத்திருக்கும். "ஒயரை எலி கடிச்சிடுச்சு சார்" என்பார்கள். நம் ஊர் எலிகளுக்கு அந்த ஒரு ஒயர்தான் பிடிக்கும்போல! ஒரு தரகர் மீட்டரையே புதிதாக மாற்றிவிட்டு, "பாருங்க சார், பன்னெண்டு மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். இன்னொருவர் எட்டு மணிக்கு வரச் சொன்னார். நான் ஏழு மணிக்கே போய் எஞ்சின் மேல் கையை வைத்தேன். சுட்டது. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது கிளம்பத் திணறுகிற எஞ்சினை, நான் வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டாலும் இரண்டு தடவை ஏமாந்தால் தெரிந்துவிடும். விற்க வருகிறவர் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம். நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிற பொய்யைத்தான் கண்டுபிடிக்க முடிவதில்லை. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம் அது. பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு ஸ்கீ படகு வாங்கினார். மகன் சில காலம் சறுக்கினான். பிறகு வெளிநாடு போய்விட்டான். அதன்பின் விருந்தாளிகள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரில் ஏற்றி முட்டுக்காடு உப்பங்கழிக்குக் கொண்டுபோய் ஓட்டுவார்கள், சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்துவார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், அது அப்படியே நிற்கும். அதை விற்கப் போகிறார்கள். வாங்க வந்தவர் உப்பங்கழியில் ஸ்கீ கற்றுக்கொடுக்கத் திட்டமிட்டிருந்தார். அவர் சார்பில் நான் போனேன்.

என்னோடு வந்தவர் ராயப்பேட்டை மெக்கானிக், நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து படகு எஞ்சின் என்றால் அவரைத்தான் அழைத்துப்போவேன். உருதும் தமிழும் கலந்து பேசுவார், அதுவும் குறைவாகத்தான்.

மீட்டர் செத்திருந்தது. சரி, மற்றதைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஸ்டியரிங்கில் கைபடும் இடத்தில் தோல் அப்படியே இருந்தது. ஓட்டுநர் காலடியில் விரிப்பு தேயவில்லை. கயிறு மாட்டுகிற கம்பத்தில் வர்ணம்கூடப் போகவில்லை. அதிகம் ஓடாத படகு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. பாய் எஞ்சினை அரைமணி ஓடவிட்டு, நிறுத்தி, புகை வெளியே போகும் இரும்புக் கூட்டைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். துரு அடை அடையாக உதிர்ந்தது. இரண்டு சிலிண்டர்களுக்குள் தண்ணீர் கசிந்த தடம். ஆயிரக்கணக்கான மணி நேரம் உப்புத் தண்ணீரில் அடித்து நொறுக்கிய எஞ்சின் மாதிரி இருந்தது.

உப்பில் ஓடிய எஞ்சினை அன்றன்றைக்கு நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி அலச வேண்டும். அந்தப் படகுக்கென்று வைத்திருந்த டிரைவர் அலசவே இல்லை என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். அது மட்டுமா? உடம்பு புதிதாக இருக்கிறது, எஞ்சின் செத்திருக்கிறது. அப்படியானால் முதலாளிக்குத் தெரியாமல் டிரைவர் படகை எடுத்துப் போய் வாடகைக்கு ஓட்டியிருக்கிறான், ஸ்டியரிங்குக்கும் விரிப்புக்கும் உறை போட்டு மறைத்திருக்கிறான். என்ன கற்பனை பாருங்கள்! பட்டப்பகலில் நின்றுகொண்டு ஒரு முழுக் கதையைக் கட்டினேன்.

பாய் மட்டும் ஒப்பவில்லை. "சாப், ஆயில் பிரஷர் பாத்தீங்களா? அவ்ளோ சூடாயும் கல்லு மாதிரி நின்னுச்சு. ஜாஸ்தி ஓடின எஞ்சின்ல அப்படி நிக்காது. இது ஓடித் தேஞ்சது இல்ல. நின்னு அரிச்சது."

"அலசாம விட்டா அரிக்கத்தானே செய்யும் பாய்?"

"அலசலையா, வேற எதாச்சுமான்னு டிரைவரைக் கேளுங்கோ சாப். அதோ, கொட்டகைக்கு அந்தாண்டதான் நிக்கிறாரு."

கேட்டேனா? இல்லை. பத்து அடி தூரம். எனக்கு அடையாறில் இன்னொரு வேலை இருந்தது. வீட்டு மேனேஜர் மோர் கொடுத்தார், குடித்தேன். அவர் "டிரைவர் பசங்களை நம்ப முடியறதில்ல சார்" என்றார். தலையாட்டினேன். இரண்டு நாளில் ரிப்போர்ட் போய்விட்டது. நீங்கள் எழுதியிருக்கிற அதே வரிகள். கூடவே, "உரிமையாளருக்குத் தெரியாமல் இயக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு" என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். "இருக்கலாம்", "வாய்ப்பு உண்டு" என்று போட்டுவிட்டால் நாம் பொறுப்பில்லை என்று நினைப்பு. அந்த "வாய்ப்பு" என்கிற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது மாதிரி ஒரு கோழைத்தனம் நம் தொழிலில் வேறு இல்லை.

வாங்க வந்தவர் ரிப்போர்ட்டைக் காட்டிப் பின்வாங்கினார். உரிமையாளர் அதைப் படித்தார். மறுநாள் டிரைவரை வெளியே அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, மந்தைவெளியில் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், அதில் நிறையத் தண்ணீர்.

"நீதானே சார் பாலவாக்கத்துல அந்தப் படகைப் பாத்து எழுதின?"

நான்தான் என்றேன்.

"எம்பேரு செல்வம். அந்தப் படகு டிரைவரு."

அவர் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் "டிரைவர்" என்றுதான் எழுதியிருந்தேன். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பாட்டிலை நீட்டினார்.

"குட்ச்சிப் பாரு சார்."

"எதுக்குப்பா?"

"குட்ச்சிப் பாரு. அப்பால பேசிக்கலாம். வெசம் ஒண்ணும் இல்ல, பயப்படாத."

ஒரு வாய் வைத்தேன். அங்கேயே துப்பினேன். அப்படிக் கரித்தது. கடல்தண்ணீரில் பாதி இருக்கும்.

"இதான் சார் அந்த வூட்டு கார்டன் பைப்புத் தண்ணி. போர் தண்ணி. இத்த வுட்டுத்தான் அலசச் சொன்னாங்கோ. ஒரு நாள்னா ஒரு நாள் அலசாம வூட்டுக்குப் போனதில்ல சார் நானு. மழை கொட்டிக்கினு இருந்தாக்கூட நின்னு அலசிட்டுத்தான் போவேன். ரெண்டு பஸ் மாறிப் போவணும் எனக்கு. ஆத்தோரம் இருந்தவங்கள ஊருக்கு வெளிய தூக்கிப் போட்டாங்களே, அங்கருந்து வரேன். கடைசி பஸ்ஸ வுட்டுக்கூட அலசிக்கீறேன். நீ வந்து ஒரு மணி நேரம் பாத்துட்டு, திருட்டுச் சவாரி வுட்டேன்னு எழுதிட்டியே சார்!"

கடலோரத்தில் வருஷா வருஷம் நிலத்தடித் தண்ணீர் உப்பாகிக்கொண்டே போகிறது என்பது சென்னையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். என் மைத்துனன் வீட்டில் அந்தத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. அப்படியிருந்தும் 'நல்ல தண்ணீரில் அலச வேண்டும்' என்று புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தேனே தவிர, குழாயில் வருவது நல்ல தண்ணீர்தானா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அவர் அலச அலச உள்ளே உப்பைத்தான் விட்டிருக்கிறார். அந்த உப்போடு படகு மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. ஓடாமல் நின்ற நாட்கள்தான் எஞ்சினைத் தின்றிருக்கின்றன. பாய் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. ஸ்டியரிங்கும் விரிப்பும் கம்பமும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. நான்தான் நம்பவில்லை.

இதற்குள் என் மனைவி வந்து பாட்டிலை வாங்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இதுல பருப்புகூட வேகாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"தண்ணி உப்புன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா செல்வம்?" என்று கேட்டேன்.

"மேனேஜர்கிட்ட சொன்னேன் சார், ஒரு தடவ இல்ல, நாலு தடவ. லாரித் தண்ணி சம்ப்புல கீதே, அதுல ஒரு பேரல் குடு சார், படகு வீணாப் போவுதுன்னேன். 'லாரித் தண்ணிய படகுக்கு ஊத்தச் சொல்றியா? படகு என்ன குடிக்கவா போகுது?'ன்னாரு."

எனக்கு மோர் கொடுத்தாரே, அந்த மேனேஜர்தான். நான் தலையாட்டினேனே, அவருக்குத்தான். எப்படி எரிந்தது தெரியுமா எனக்கு!

"வேலை போனது கூடப் பரவால்ல சார். முட்டுக்காட்டுல எவனும் சாவி குடுக்க மாட்றான். போனா, 'வந்துட்டாருப்பா திருட்டுச் சவாரி'ங்கிறானுங்க. எம்பொண்ணு படிக்கிற இஸ்கூலு வரைக்கும் போயிடுச்சு சார் அந்தப் பேச்சு."

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். அன்றைய தலைவர் என்னைவிடச் சின்னவர். விஷயத்தைச் சொன்னேன். ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"சார், போன ரிப்போர்ட் போனதுதான். நீங்க 'வாய்ப்பு உண்டு'ன்னுதானே எழுதியிருக்கீங்க? தப்பே இல்லையே. இப்ப மாத்தினா நம்ம பேர் என்ன ஆகும்?"

"அந்த ஆள் பேர் என்ன ஆச்சுன்னு கேளுங்க முதல்ல!"

கத்திவிட்டேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முடியாது என்றார். என் தவறு என்ன, எப்படி நடந்தது, அலசிய தண்ணீரே உப்பு, டிரைவர் மேல் பிழையில்லை, அதிகம் ஓட்டியதற்கு எந்த அடையாளமும் இல்லை என்று என் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதினேன். வாங்க வந்தவர், உரிமையாளர், எங்கள் தலைவர், மூன்று பேருக்கும் அனுப்பினேன். உரிமையாளருக்கு மட்டும் தபாலில் போடவில்லை, கையில் எடுத்துக்கொண்டு தி.நகர் போனேன். பாட்டிலையும்.

கடையில் கல்யாணக் கூட்டம். அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பட்டுப் புடவைகளுக்கு நடுவே பாட்டிலை வைத்தேன்.

"என்ன சார் இது?"

"உங்க பாலவாக்கம் வீட்டுத் தண்ணி. இதை விட்டுத்தான் உங்க படகை அலசியிருக்காங்க. கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

நல்ல மனிதர்தான், டம்ளரில் ஊற்றிக் குடித்தே பார்த்தார். முகம் கோணியது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். "என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. செல்வம் மட்டும் நாலு தடவை சொல்லியிருக்கிறார், கேட்க ஆளில்லை. "செல்வத்தை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"வரல சார்" என்றார்.

"ஏம்ப்பா? அவரே கூப்பிடறாரே. கடிதம் வேற கொடுத்திருக்கேன்."

"லெட்டர் இங்கிலீஷ்ல தானே சார் எழுதிக்கீற? என்னைத் திட்டினது தமிழ்ல. முட்டுக்காட்டுல எவன் படிக்கப் போறான் உன் லெட்டர? நீ அங்க வந்து, எல்லாரும் கீறப்போ, உன் வாயால சொல்லு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்திருக்கிறேன், இன்னும் என்ன என்று. போனை வைத்துவிட்டு பாண்டி பஜார் நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுதும்போது நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லையே. அதைத் திருத்துவது மட்டும் என் வசதிப்படி எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை போனேன். உப்பங்கழி ஓரத்தில் படகு இறக்குகிற சரிவு. பக்கத்து டீக்கடையில் பத்துப் பதினைந்து டிரைவர்கள், கயிறு பிடிப்பவர்கள். பாயும் வந்திருந்தார், நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். செல்வம் கொஞ்சம் தள்ளி நின்றார். நான் யார் என்று சொன்னேன். என்ன எழுதினேன் என்று சொன்னேன். அது தப்பு, இவர் ஒரு நாளும் அலசாமல் விட்டதில்லை, திருட்டுச் சவாரி விட்டதற்கு ஒரு அடையாளமும் கிடையாது, தண்ணீரைப் பார்க்காமல் நானே கட்டிய கதை அது என்று சொன்னேன். மேடையில் பேசிப் பழக்கம் உண்டு எனக்கு. ஆனால் அன்று செல்வம் நின்ற பக்கம் பார்க்காமலேதான் பேசினேன்.

வயதான ஒரு டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இப்ப சொல்றதெல்லாம் சரி சார். நீ எழுதறப்போ இவன் அங்கதானே நின்னுக்கினு இருந்தான்? ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா சார் உனக்கு?"

அடையாறில் வேறு வேலை இருந்தது என்று அவரிடம் சொல்ல முடியுமா?

செல்வம் என்னிடம் நன்றி எல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. "டீ சாப்புடு சார்" என்றார். சாப்பிட்டேன். அடுத்த மாதம் அங்கேயே ஒருவர் அவரிடம் படகுச் சாவியைக் கொடுத்தார் என்று பாய் வந்து சொன்னார். பாலவாக்கம் வீட்டுக்கு அவர் திரும்பப் போகவே இல்லை.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். எஞ்சின் மணிக்கணக்கு தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று எழுதி அதோடு நிறுத்துங்கள். அதில் என்ன அவமானம்? மற்ற அடையாளங்களைப் பாருங்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகாத இடத்தில் ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது, எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது என்று விசாரியுங்கள். அந்தக் குழாயைத் திறந்து ஒரு வாய் வையுங்கள். செத்துப்போய்விட மாட்டீர்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பியதை இன்று காலை மறுபடியும் முழுசாகப் படித்தேன். பன்னிரண்டு பக்கம். எஞ்சின் எண் இருக்கிறது, படகு எண் இருக்கிறது, டிரெய்லர் டயரின் அளவுகூட இருக்கிறது. "ஓட்டுநர்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. போய் அவர் பெயரைக் கேட்டு எனக்கு அனுப்புங்கள். வரும்போது அந்தக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவாருங்கள். நீங்கள் முதலில் குடித்துப் பாருங்கள், அப்புறம் நான் குடிக்கிறேன்.